அரியர் எழுதும் வாலிபருக்குத் தானியேல் தரும் பாடம்

தியானப் பகுதி: தானியேல் 1, 2 அதிகாரங்கள்



ஒருநாள் சாயங்காலம் ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, ஒரு தம்பி மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டே நின்றான். தமிழ் மீடியத்தில் நன்றாய்ப் படித்து இன்ஜினியரிங் சேர்ந்தவன். "ஐயா, எனக்கு நாலு அரியர். வீட்ல சொல்லல. காலைல திருநின்றவூர்ல டிரெயின் ஏறுறேன், ஆனா காலேஜ் போறதில்ல. சென்ட்ரல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துடுறேன்" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஒரு மாசமா" என்றான். அதே ஒரு மாதமும் ஞாயிறுதோறும் அவன் சபையில் நமக்கு முன்பாகப் பாடிக்கொண்டிருந்தான். நமக்குத் தெரியவில்லை. இந்தப் பாடம் அவனுக்காகவும் நமக்காகவும்.

தானியேலும் ஒரு கல்லூரி மாணவனைப் போன்றவனே. ஊரும் பாஷையும் புதிது. கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷம் படித்து, முடிவிலே ராஜாவுக்கு முன்பாக நிற்க வேண்டும். அவன் செய்ததைக் கவனியுங்கள்.

1. வாய் திறந்து கேட்டான்

முதலில் பிரதானிகளின் தலைவனிடம் கேட்டான். தயவு இருந்தும் அவன் ராஜாவுக்குப் பயந்து தயங்கினான். தானியேல் சோர்ந்துபோகாமல் அடுத்தபடியாக விசாரிப்புக்காரனிடம் போனான். வாலிபரே, ஒரு பேராசிரியர் முகம் கொடுக்கவில்லையா? அடுத்தவரிடம் போங்கள். அண்ணா பல்கலைக்கழக விதிகளின்படி, குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவர்களுக்கு ஓர் ஆசிரியரை ஆலோசகராக நியமிக்கிறார்கள். உங்கள் ஆலோசகர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

2. பத்து நாள் மட்டும் கேட்டான்

மூன்று வருஷத்தையும் ஒரே நாளில் சுமக்கவில்லை. பத்து நாள் சோதித்துப் பாரும் என்றான். நாலு அரியரையும் சேர்த்துப் பார்த்தால் மலைதான். ஒரு பாடத்தை எடுங்கள். பத்து நாளைக்குத் திட்டம் போடுங்கள். பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, நண்பனோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். இங்கிலீஷ் புரியாவிட்டால் முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை.

3. தவணை கேட்டான்

இரண்டாம் அதிகாரத்தில் உயிருக்கே ஆபத்து வந்தபோது ராஜாவினிடத்தில் தவணை கேட்டான். உங்களுக்கும் தவணை உண்டு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பி.இ. நான்கு வருஷப் படிப்புதான். ஆனால் முடிக்க ஏழு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் விடைத்தாளின் நகல் வாங்கலாம், மறுமதிப்பீடும் கேட்கலாம். எல்லாம் முடிந்துபோயிற்று என்று இருட்டில் உட்கார்ந்து நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

4. வீட்டுக்குப் போய் நண்பர்களிடம் சொன்னான்

அனனியா, மீஷாவேல், அசரியா என்னும் மூவருக்கும் காரியத்தை அறிவித்தான். அதன் பிறகுதான் நால்வரும் சேர்ந்து ஜெபித்தார்கள். ஞானமுள்ள தானியேலே தனியாய்ச் சுமக்கவில்லையே!

இப்போது பெற்றோருக்கும் மூப்பருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஃபெயில் ஆனால் "ஜெபம் குறைஞ்சுபோச்சு, அதான்" என்று சொல்கிறோம். பாஸ் ஆனவனை மட்டும் சாட்சி சொல்ல எழுப்புகிறோம். பிறகு பிள்ளை எப்படி உண்மையைச் சொல்லும்? அரியர் பாவம் அல்ல. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, "சாப்டியா? தூங்குனியா? எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள்.

இது விளையாட்டல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நம் தேசத்தில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பிள்ளை தூக்கமின்றி, சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தாலோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னாலோ, தனியே விடாதீர்கள். நேராய்க் கேளுங்கள், கூடவே இருங்கள், மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாய்த் தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அல்ல. காய்ச்சலுக்குப் போகிறோம் அல்லவா?

அந்தத் தம்பி அன்று இரவே என்னோடு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னான். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு நானும் உன்கூட டிரெயின்ல வரேன்டா" என்றார். மறுநாள் இருவரும் சேர்ந்து கல்லூரிக்குப் போனார்கள். நாலில் இரண்டை முடித்துவிட்டான். இன்னும் இரண்டு இருக்கிறது, படித்துக்கொண்டிருக்கிறான்.

சிந்திக்க:
அ) வாலிபரே, உங்கள் உண்மையான மதிப்பெண் யாருக்குத் தெரியும்?
ஆ) பெரியவர்களே, உங்களிடம் தைரியமாய் வந்து சொல்லக்கூடிய ஒரு பிள்ளையாவது உண்டா?

கர்த்தர்தாமே நம் பிள்ளைகளைத் தாங்குவாராக. ஆமென்.