ஒரு படி ஏற்று, ஒரு முறை சோதி: முதல்முறை ஓவர்கிளாக் செய்பவருக்கு

1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசசரைப் பற்றிப் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் இன்றும் பேசுவார்கள். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450இல் ஓடும். காசு செலவில்லாமல் 50 சதவீதம் கூடுதல் வேகம். அந்தக் காலம் போய்விட்டது. இன்றைய பிராசசர்கள் சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை தாமே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. நமக்கு மிச்சம் வைப்பது பெரும்பாலும் ஐந்து முதல் பத்து சதவீதம்தான். அதை எடுக்க பயாஸில் இரண்டு எண்களை மாற்றினால் போதும். மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் தப்பில்லாமல் கணக்குப் போடுகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான வேலை. அதற்கு ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு இன்டெல் கோர் ஐ5-12600கே பிராசசரை எடுத்துக்கொள்வோம். இதில் வேகமான பி-கோர்கள் ஆறு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் இ-கோர்கள் நான்கு. ஒன்றிரண்டு பி-கோர்கள் மட்டும் உழைக்கும்போது 4.9 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஆறும் சேர்ந்து உழைத்தால் 4.5க்கு இறங்கிவிடும். ஆறு பி-கோர்களையும் 4.9இல் ஓட வைப்பது நம் இலக்கு. இ-கோர்களைத் தொடப்போவதில்லை.

முதலில் கணக்கு

அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதை மல்டிப்ளையரால் பெருக்கினால் வேகம்: 45 என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ், 49 என்றால் 4.9. வேகத்தை ஏற்ற நாம் மாற்றுவது மல்டிப்ளையரை மட்டும்.

வேகம் கூடினால் வோல்டேஜும் கூட வேண்டியிருக்கும். பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 45இலிருந்து 49க்குப் போவது 9 சதவீத ஏற்றம். அதற்காக வோல்டேஜ் 1.20இலிருந்து 1.30 ஆனால் மின்சாரம் ஏறத்தாழ 28 சதவீதம் கூடும். 150 வாட் தின்றது 190 வாட் தின்னும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதிக்கு இந்தக் கணக்குதான் காரணம்.

படி 1: உங்கள் பிராசசரில் முடியுமா?

இன்டெல்லில் பெயரின் எண்ணுக்குப் பின் ‘கே’ எழுத்து இருக்க வேண்டும். போர்டு இசட்690, இசட்790 போன்ற இசட் வரிசையாக இருக்க வேண்டும். பி660 போர்டில் ராமின் வேகத்தை ஏற்றலாம், பிராசசரின் மல்டிப்ளையரை ஏற்ற முடியாது. 13, 14ஆம் தலைமுறை ‘கே’ பிராசசர் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடுமுன் பயாஸைப் புதுப்பியுங்கள். அளவுக்கு மீறிய வோல்டேஜால் அவற்றில் சில பழுதானபோது, 2024இல் இன்டெல் அதற்கான திருத்தங்களை பயாஸ் வழியாகத்தான் கொடுத்தது.

ஓவர்கிளாக் செய்து பிராசசர் கெட்டுப்போனால் வாரன்ட்டி கிடைக்காது என்று இன்டெல்லும், ரைசன் தயாரிக்கும் ஏஎம்டியும் சொல்கின்றன. அதை ஏற்றுக்கொண்டு இறங்குங்கள்.

படி 2: கூலர், கேபினட், எஸ்எம்பிஎஸ்

12600கே பெட்டியில் கூலர் வராது, தனியாக வாங்க வேண்டும். இரட்டை கோபுரக் காற்றுக் கூலர் அல்லது 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் போதும். இரண்டு மூன்று வருடம் ஆன கூலர் என்றால் கழற்றி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். கேபினட்டின் முன்பக்க வலையில் அடைந்த தூசியையும் தட்டிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் நம்பகமானதாக, தேவைக்கு மேல் நூறு இருநூறு வாட்டாவது கையிருப்பு உள்ளதாக இருக்கட்டும்.

அறையின் சூட்டைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். அறை 10 டிகிரி சூடானால் பிராசசரும் ஏறத்தாழ 10 டிகிரி சூடாகும். டிசம்பரில் ஏசி அறையில் தேறிய ஓவர்கிளாக், மே மாத மதியத்தில் ஃபேன் காற்றில் தேறாமல் போகலாம்.

படி 3: திரும்பி வரும் வழி

முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். தவறாகக் கணக்குப் போடும் பிராசசர், நல்ல கோப்பையும் கெடுத்து எழுதிவிடக்கூடும். பயாஸைப் புதுப்பிக்கும்போது யூபிஎஸ் இருக்கட்டும். பாதியில் கரன்ட் போனால் போர்டு எழுந்திருக்காமலே போகலாம்.

அடுத்து, பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கற்றுக்கொள்ளுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். போர்டில் ‘கிளியர் சிமாஸ்’ என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் சில நொடிகள் தொட்டுப் பிடித்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். பின் எங்கே என்று தெரியவில்லையா? பொத்தான் போன்ற சிஆர் 2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தாலும் அதே பலன். ஓவர்கிளாக் செய்யும் முன்பே இதை ஒருமுறை செய்து பாருங்கள். திரை வராமல் போகும் அன்றைக்குப் பதற்றம் இருக்காது.

படி 4: இப்போதைய நிலையை எழுதுங்கள்

பயாஸில் டீஃபால்ட் செட்டிங்குக்குப் போங்கள். ராமை அதன் விளம்பர வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பியை இப்போதைக்கு அணைத்து வையுங்கள். ராம், பிராசசர் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றினால், ஹேங் ஆகும்போது குற்றவாளி யார் என்று தெரியாது. ஆசுஸ் போர்டில் ‘மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்’ இருந்தால் அதையும் அணையுங்கள். இது போன்ற அமைப்புகளால் சில போர்டுகள் சொல்லாமலே வாட் வரம்பை நீக்கிவிடும்.

விண்டோஸில் வெப்பமும் வோல்டேஜும் காட்டும் எச்டபிள்யூ-இன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லா கோர்களையும் உழைக்க வைத்து மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் ஆர்23ஐப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். மதிப்பெண், உச்ச வெப்பம், வாட், பளு ஏறும்போது இருக்கும் வோல்டேஜ் ஆகிய நான்கையும் தாளில் எழுதுங்கள். ஏற்றுவதற்கு முன்பே 85 டிகிரியைத் தாண்டினால் இங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் கூலரைக் கவனியுங்கள்.

படி 5: மல்டிப்ளையரை ஏற்றுங்கள்

டிலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போங்கள். நமக்கு வேண்டிய பக்கம் ஆசுஸில் ‘ஏஐ ட்வீக்கர்’, எம்எஸ்ஐயில் ‘ஓசி’, கிகாபைட்டில் ‘ட்வீக்கர்’. வோல்டேஜை ஆட்டோவில் விட்டால் போர்டு தாராளமாக அள்ளி ஊற்றும். ஆகவே மேனுவலில் 1.25 வோல்ட் கொடுங்கள். எல்லா பி-கோர்களுக்கும் சேர்த்து மல்டிப்ளையரை 46 ஆக்குங்கள். எஃப்10 அழுத்திச் சேமித்து, மறுபடி சினிபெஞ்ச் ஓட்டுங்கள். தேறினால் 47, பிறகு 48, பிறகு 49. ஒவ்வொரு முறையும் ஒரு படிதான்.

படி 6: வோல்டேஜ், வெப்பம், இரண்டுக்கும் கோடு

எங்காவது ஹேங் ஆனால், நீலத் திரை வந்தால், அல்லது சினிபெஞ்ச் தானாக மூடிக்கொண்டால் 0.02 வோல்ட் கூட்டி அதே படியை மறுபடி சோதியுங்கள். முதல்முறை செய்பவர் 1.35 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். சினிபெஞ்சில் 85 டிகிரி, கடும் சோதனையில் 90 டிகிரி என்று வெப்பத்துக்கும் கோடு போடுங்கள். 100 டிகிரியில் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அங்கே போனால் ஏற்றியதன் பலனும் போய்விடும். இரண்டில் எந்தக் கோட்டைத் தொட்டாலும் ஒரு படி இறங்குங்கள். ஒரே மாடல் பிராசசர்களிலும் ஒன்று 49ஐ எட்டும், இன்னொன்று 48இல் நின்றுவிடும்.

பளு ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் சரியும். அதைத் தாங்கிப் பிடிப்பது ‘லோட் லைன் காலிபரேஷன்’. நடு அளவில் வையுங்கள், உச்சத்தில் வேண்டாம். ஆசுஸில் எண் ஏற ஏறப் பிடிப்பு கூடும். எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் நேர் எதிர், 1தான் உச்சம். போர்டு மாறியவர்கள் தடுமாறும் இடம் இது.

படி 7: நீண்ட சோதனை

சினிபெஞ்ச் தேறிவிட்டது என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, அவ்வளவுதான். அடுத்து பிரைம்95. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள் இது. இதன் ‘டார்ச்சர் டெஸ்ட்’ விடை முன்பே தெரிந்த கணக்குகளைப் பிராசசரிடம் கொடுத்து, வந்த விடையை ஒப்பிடும். ஒரு கோர் தப்பாகப் போட்டால் அதற்குரிய ஜன்னலில் ‘ரவுண்டிங்’ பிழை என்ற வரி விழும். அந்த வேலை மட்டும் நிற்கும், மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் ஹேங் ஆகாது, நீலத் திரையும் வராது. இப்படிச் சத்தமில்லாமல் வரும் பிழைதான் கோப்புகளைக் கெடுப்பது.

முதல் பத்து நிமிடம் நாற்காலியை விட்டு எழாமல் வெப்பத்தைப் பாருங்கள். அடங்கியிருந்தால் சில மணி நேரம் ஓட விடுங்கள். முடிந்ததும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘வீயா-லாகர்’ என்ற பெயரில் ஹார்டுவேர் பிழைப் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று இருந்தாலும் தோல்விதான்: 0.02 வோல்ட் கூட்டுங்கள், அல்லது ஒரு படி இறங்குங்கள்.

படி 8: சேமியுங்கள்

தேறிய அமைப்பை பயாஸில் ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்து, அந்தப் பக்கங்களை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பயாஸைப் புதுப்பித்தால் ப்ரொஃபைல் அழிந்துபோகலாம். இதன் பிறகு எக்ஸ்எம்பியை இயக்கி, மெம்டெஸ்ட்86 கொண்டு ராமைத் தனியாகச் சோதியுங்கள்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு

பெரும்பாலான ரைசன்களில் பூட்டு இல்லை. ஆனால் ஏ320, ஏ520 போர்டுகளில் பிராசசர் ஓவர்கிளாக் முடியாது. 5800எக்ஸ்3டியின் மல்டிப்ளையர் பூட்டப்பட்டது. ரைசனில் எல்லா கோர்களையும் ஒரே வேகத்தில் கட்டிப்போட்டால் ஒற்றைக் கோரின் உச்ச வேகம் குறைந்துவிடும். எனவே பிராசசரின் மின் வரம்புகளைத் தளர்த்தும் பிபிஓவை இயக்கி, ‘கர்வ் ஆப்டிமைசர்’ பகுதியில் எல்லா கோர்களுக்கும் மைனஸ் 10 கொடுத்துத் தொடங்குங்கள். வோல்டேஜ் சற்றுக் குறையும், அதனால் பிராசசர் தானே மேலே ஏறும். இதில் கோளாறு வருவது பெரும்பாலும் பளு இல்லாத நேரத்தில். சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர் இதற்கு ஏற்றது.

யாருக்கு வேண்டாம்?

4கே திரையில் கேம் ஆடுபவருக்குப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் தடை. பிராசசரை ஏற்றி லாபமில்லை. வீடியோ ரெண்டர், பெரிய புரோகிராம் கம்பைல் போல எல்லா கோர்களும் மணிக்கணக்கில் உழைக்கும் வேலை உள்ளவருக்குத்தான் இந்த 9 சதவீதம் கையில் நிற்கும். அவர்களும் கோடை தொடங்கியதும் ஒருமுறை படி 7ஐத் திரும்பச் செய்ய வேண்டும். பல மாதம் கழித்துக் காரணம் தெரியாமல் ஏதாவது மென்பொருள் நின்றுபோனால், விண்டோஸைத் திரும்ப இன்ஸ்டால் செய்யும் முன் மல்டிப்ளையரை 49இலிருந்து 48க்கு இறக்கிப் பாருங்கள். இழப்பது 2 சதவீதம். வேலையில் அது தெரியக்கூடத் தெரியாது.