பூஞ்சைக்கொல்லியும் மண்வாழ் பூஞ்சையும்

பயிர்நோய்ப் பூஞ்சையை அழிக்க இடப்படும் மருந்து மண்ணிற் சேர்ந்தபின் என்னவாகிறது? அம்மருந்தையும் பூஞ்சையே சிதைத்துவிடும் என்று கேட்கும்போது வியப்பும் ஆறுதலும் ஒருங்கே தோன்றுகின்றன. எனினும், சிதைத்தல் என்னும் ஒரே சொல்லால் வெவ்வேறு செயல்களை நாம் குறித்துவிடுகிறோம். தாங்குதல், மாற்றுதல், சிதைத்தல் எனப் பிரித்து வழங்குவதே அறிவியல் தமிழுக்கு ஏற்றதாகும்.

விதைநேர்த்திக்கென உழவர் நன்கறிந்த கார்பென்டாசிம், பூஞ்சையின் உயிரணுப் பிரிவிற்கு இன்றியமையாத டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. அப்புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடக்கூடும். அத்தகைய பூஞ்சை நஞ்சின் நடுவே செழித்து வளரும். அதனால் நஞ்சு குறைந்தது என்பதில்லை. ஆய்வகத் தட்டில் வளர்ந்ததைக் கொண்டே மருந்தை உண்டது என முடிவுகட்டும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பயிரற்ற வெற்று நிலத்தில் இம்மருந்து பாதியாகக் குறைவதற்கே 6 முதல் 12 திங்கள் வரை ஆகும்.

இனி, மரத்தைப் பூஞ்சையிடமிருந்து காக்கவும் களை கொல்லவும் பயன்பட்டு, 2015இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பென்டாகுளோரோபீனாலைக் காண்போம். டிரைக்கோடெர்மா இனத்துப் பூஞ்சை ஒன்று (நம் வயல்களில் விதையோடு கலக்கப்படும் நண்பனின் உறவே இது) அந்நஞ்சோடு மீத்தைல் தொகுதியைச் சேர்த்துப் பென்டாகுளோரோஅனிசோலாக மாற்றுவது 1972இல் அறியப்பட்டது. பூஞ்சைக்கு இடர் தணிந்தது. பிற உயிர்களுக்குத் தணியவில்லை. ஐந்து குளோரின் அணுக்களும் அப்படியே நிற்க, புதிய பொருள் கொழுப்பில் எளிதிற் கரைந்து உயிர்களின் உடலில் தேங்குகிறது.

உண்மையான சிதைவிற்கு வல்லது வெண்ணழுகல் பூஞ்சையாகிய பேனரோகீட் கிரைசோஸ்போரியம். அது மண்ணுக்கு உரியதன்று, மரத்தில் வாழ்வது. மரத்தின் லிக்னினைத் தகர்ப்பதற்கென அது வெளியே சுரக்கும் பெராக்சிடேஸ் நொதிகள், பென்டாகுளோரோபீனாலையும் தாக்குகின்றன. அவை தொடங்கிவைக்கும் சிதைவு, குளோரின் நீங்கி, வளையம் உடைந்து, கரியமில வாயு வரை செல்லக்கூடும். அமெரிக்காவில் நிகழ்ந்து 1990இல் வெளியான கள ஆய்வொன்றில், மரக்காப்பு மருந்தால் கெட்ட மண்ணில் இப்பூஞ்சையையும் இதன் இனத்தைச் சார்ந்த மற்றொன்றையும் தனித்தனியே இட்டனர். ஆறரை வாரத்தில் 88 முதல் 91 விழுக்காடு வரை நஞ்சு குறைந்தது. ஆயின், குறைந்ததில் சிறுபகுதி அனிசோலாகவே மாறியிருந்தது. பெரும்பகுதி மண்ணோடு பிணைந்து, பிரித்தெடுக்க இயலாத நிலையை அடைந்தது என்றே ஆய்வாளர் கருதினர்.