காப்புக் கட்டப் பழகும் கண்ணுக்கு

கண்ணு, இந்தப் போகிக்கு வீட்டுக் காப்பை நீயே கட்டுகிறேன் என்றாயாம். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றும் சேர்ந்த ஒரு கைப்பிடிக் கொத்துதான் நம் கொங்கு நாட்டுக் காப்பு. வீட்டை நோய்நொடி அண்டாது என்பது நம்பிக்கை. முடிச்சுப் போடக் கால் மணி நேரத்தில் பழகிவிடலாம். மனசு பழகத்தான் நாளாகும். அதற்குத்தான் இந்த நாலு வார்த்தை.

1. முதலில் காட்டுப்பக்கம் போ. மார்கழிக் கடைசியில் சந்தை வாசலில் கட்டுக் கட்டாக விற்பார்கள், முடியாதவர்கள் வாங்கட்டும். வேலியோரம் ஆவாரை மஞ்சளாய் நிற்பதையும் தரிசில் பூளை வெண்பஞ்சாய்ப் பூத்திருப்பதையும் பார்த்துப் பறித்தவளுக்குத்தான் தை பிறக்கப்போவது தெரியும்.

2. வேரோடு பிடுங்காதே. ஈர மண்ணில் பூளையை இழுத்தால் செடியே கையோடு வந்துவிடும். என் ஆத்தா அரிவாள் நுனியால் கதிரை மட்டும் அறுப்பாள். “அடுத்த வருசமும் இங்கதானே வரோணும்” என்பாள். சிறுபீளை என்று சித்த வைத்தியர்கள் தேடுவதும் இதே செடிதான். உனக்குப் பின்னால் வருகிறவருக்கும் மிச்சம் வை.

3. மினுக்குவதைப் பார்த்து மயங்காதே. முழுக்க விரிந்த ஆவாரம்பூ சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும். மொட்டும் பூவும் கலந்த கொத்தாக ஒடி. வேம்பில் செந்தளிரை விட்டுவிட்டு முற்றிய இலையாக எடு. முந்தி மினுக்கியது முந்தி வாடும், ஆட்களும் அப்படித்தான்.

4. கடைசிச் சுற்றில் அலுத்துக்கொள்ளாதே. வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டு. காய்ந்த நார் பட்டென்று அறும். தழை காயக் காயக் காம்பு சுருங்கும், இன்றைக்கு இறுக்கமாக இருக்கும் கட்டு பத்து நாளில் தொளதொளத்துவிடும். அதனால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்து முடி. பிளாஸ்டிக் கயிறு மட்டும் வேண்டாம். கீழே விழுந்தால் மாடு தழையோடு சேர்த்து அதையும் தின்றுவிடும்.

5. கட்டுத்தரைக்கு முதலில் கட்டு. வாசல் காப்பைப் பார்க்க ஊரே வரும். கட்டுத்தரையை யார் பார்ப்பார்கள்? ஆத்தா நல்ல கொத்தையெல்லாம் அங்கேதான் ஒதுக்குவாள். உழைத்த மாட்டுக்கு முதல் மரியாதை என்பது அவள் கணக்கு. யாரும் பார்க்காத இடத்தில் நீ எப்படிக் கட்டுகிறாயோ, அதுதான் நீ.

6. அடுத்தவர் கட்டைக் குறை சொல்லாதே. சிலர் மாவிலை சேர்ப்பார்கள், சிலர் பிரண்டையும் தும்பையும் சேர்ப்பார்கள். ஓட்டு வீட்டில் எரவாணத்தில் செருகுவார்கள். மாடி வீட்டில் கேட்டிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டுவார்கள். அவரவர் வழக்கம் அவரவர்க்கு.

7. காய்ந்ததைக் கண்டு முகம் சுளிக்காதே. பல வீடுகளில் அடுத்த போகிவரை பழைய காப்பு அப்படியே இருக்கும். காப்புக்குப் பச்சையாக இருக்கும் நாள் கொஞ்சம், காய்ந்து நிற்கும் நாள்தான் அதிகம். முதியவர்களையும் அந்தக் கண்ணோடு பார்.

முதல் வருசமே நிறையக் கட்ட ஆசைப்படாதே, கண்ணு. மூன்று கொத்துப் போதும்: கட்டுத்தரைக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, குனிந்து பறிக்க முடியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒன்று.