ஆழங்கால்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆற்றின் ஆழம் கரையில் நிற்பவனுக்குப் புலப்படாது. கலங்கி ஓடும் நீர் முழங்காலளவே இருப்பினும் ஆழமாகத் தோற்றும். தெளிந்த மடுவோ அடிமணலைக் காட்டி, இறங்கியவனை ஆழ்த்திவிடும். சாஸ்த்ர ஞானத்தின் இயல்பும் இதுவே. விளங்காத சொல் ஆழமாகாது. கற்ற நூல்களின் எண்ணிக்கையும் ஆழமாகாது. அங்ஙனமாயின் ஆழமாவது யாது?

பூர்வாசார்யர்கள் இதனை 'ஆழங்கால்படுதல்' என்னும் சொல்லால் குறித்தனர். கால் நிலைகொள்ளாத நீரில் அமிழ்பவனைப் போல, எம்பெருமானுடைய கல்யாண குணங்களில் அமிழ்ந்து 'யான்' என்பதை இழத்தலே ஆழங்கால்படுதல். அங்ஙனம் ஆழ்ந்தவர்களாதலின் ஆழ்வார்கள் எனப்பட்டனர் என்பது பெரியோர் கொள்ளும் பொருள்.

நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, இருபத்து நாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி முதலிய வ்யாக்யானங்கள் அவதரித்தன. ஒற்றெழுத்து நீங்கலாக 32 எழுத்துகள் கொண்டது ஒரு படி. சுருங்கியது ஆழம் குறைந்ததென்றோ விரிந்தது மிகுந்ததென்றோ கொள்ளலாகாது. அனைத்தும் ஒரே கடலை அளக்கப் புகுந்தவையே.

இவற்றுள் ஒன்பதினாயிரப்படி அருளியவர் நஞ்சீயர். அதனை ஏடுபடுத்த நம்பூர் வரதராஜர் என்பாரை அவர் நியமித்ததையும், பின் நிகழ்ந்ததையும் குருபரம்பரை கூறும். வ்யாக்யானம் முழுவதையும் ஒருமுறை சொல்லக் கேட்ட வரதராஜர், மூல ஏட்டைப் பெற்றுக்கொண்டு தம்மூருக்குப் புறப்பட்டார். காவிரியை நீந்திக் கடக்கையில் வெள்ளம் சுவடியை அடித்துச் சென்றது. ஆசார்யனுடைய உழைப்பு அனைத்தும் நீரோடு போயிற்று. வரதராஜர் கலங்கினார், பின் ஆசார்யனைத் த்யானித்து, கேட்ட அர்த்தங்களை நினைவிலிருந்தே எழுதி முடித்தார். சிற்சில இடங்களில் சிறப்புப் பொருள்களும் சேர்ந்தன. ஏட்டைக் கண்ட நஞ்சீயர் வேறுபாட்டை உணர்ந்து வினவினார். வரதராஜர் நடந்ததை மறையாது விண்ணப்பித்தார். நஞ்சீயர் சினந்திலர்; அவரை அணைத்துக்கொண்டு 'நம்பிள்ளை' என்று திருநாமம் சாற்றினார்.

ஏட்டில் மட்டும் இருந்த கல்வியாயின் அது ஏட்டோடு போயிருக்கும். நெஞ்சில் இறங்கியதை நீர் கொள்ளவில்லை. இது ஆழத்தின் முதல் அடையாளம்.

மற்றோர் அடையாளமும் உண்டு. பிற்காலத்தில் திருவரங்கத்தில் நம்பிள்ளையின் காலக்ஷேப கோஷ்டி பெருகியது. அப்புகழைப் பொறாத கந்தாடைத் தோழப்பர், ஒருநாள் பெருமாள் ஸந்நிதியிலேயே அவரைக் கடிந்து பேசினார். மறுமொழிக்கு வல்லவரான நம்பிள்ளையோ ஒன்றும் கூறாது வெளியேறினார். வீடு சென்ற தோழப்பரை அவருடைய தேவியார் இடித்துரைத்தார். தம் பிழை உணர்ந்து மன்னிப்பு வேண்டப் புறப்பட்டுக் கதவைத் திறந்தவர், வாசலில் நம்பிள்ளை கிடக்கக் கண்டார். முதலியாண்டான் திருவம்சத்தவர் மனம் வருந்தும்படி நேர்ந்தது தம் குற்றமே என்று அவர் க்ஷமை வேண்டினார். தோழப்பர் உருகி, அவரை 'உலகாசிரியன்' என்று போற்றினார்.

அப்பட்டம் வாதத்தில் வென்று பெற்றதன்று. வாசற்படியில் தாழ்ந்து கிடந்து பெற்றது. அந்நம்பிள்ளையின் காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி என்பதை எண்ணுங்கால், அந்நூலின் ஆழம் எங்கிருந்து ஊறியது என்பது விளங்கும்.

அத்யயன உத்ஸவத்தில் இராப்பத்து நாள்களில் திருவாய்மொழி ஸேவிக்கப்படுகிறது. பாசுரங்கள் 1102. யாவற்றின் பொருளையும் அறிய ஓர் ஆயுள் போதாதென்று யாத்ரிகர்கள் தளரவேண்டுவதில்லை. ஒரு பாசுரத்தின் பொருளைக் கற்றோரிடம் கேட்டு நெஞ்சில் கொள்வது போதும். பரமபத வாசலின் நெரிசலில் ஒருவர் தள்ளிக் கடுஞ்சொல் கூறுங்கால், விடை சொல்ல எழும் நாவு அடங்குமாயின், கேட்ட பொருள் உள்ளே இறங்கிற்று என்று அறியலாம். அடங்காதாயின் இன்னும் கரையிலேயே நிற்கிறோம், மீண்டும் இறங்கவேண்டும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.