மெய்ம்மறை: தமிழ் மெய்காப்புக் கருவியும் இக்கால வாட்போர் மீட்டுருவாக்கமும் – திருச்சிராப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து

தமிழர் போர்க்கருவிகள் பற்றிய ஆய்வுகள் வாள், வேல், வில் ஆகிய தாக்குகருவிகளையே பெரிதும் பேசுகின்றன. தாக்குதலைத் தாங்கும் கருவிகள், சிறப்பாக உடலின்மேல் அணியப்பெற்றவை, பெயர்ப்பட்டியலளவில் நின்றுவிடுகின்றன. ‘கவசம்’ என்று பொருள் எழுதி அகராதியாளர் கடந்துசெல்லும் இடத்தில், அது எதனால் ஆயது, எவ்வாறு உடலிற் பொருந்தியது, எத்தகைய அடியைத் தாங்கியது என்னும் வினாக்கள் எழுவதில்லை. வாட்போர்க் கலை உலகெங்கும் மீட்டெடுக்கப்படும் இக்காலத்தில் இவ்வினாக்கள் ஏட்டளவில் நில்லாமல் பட்டறையின் வாயிலுக்கே வந்துள்ளன. பழைய தமிழ்ச் சொற்களும் உரைகளும் இவ்வினாக்களுக்கு எவ்வளவு விடை தருகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐரோப்பாவில் இம்மீட்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கியது. எகர்ட்டன் காசில் பழைய வாட்போர் ஆசான்களைப் பற்றிய தம் நூலை 1885இல் வெளியிட்டார். ஆல்பிரட் ஹட்டன் அப்பயிற்சிகளை மேடையிலும் கூடத்திலும் செய்து காட்டினார். பியோரே தெய் லிபெரி போன்ற ஆசான்கள் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்த படங்களுடன் கூடிய சுவடிகள் அவர்க்குப் பின் வந்தோர்க்கு மூலமாயின. இம்மரபின் மற்றொரு கிளை, முழுக்கவசம் அணிந்து மழுங்கிய எஃகு வாளால் முழுவலியோடு மோதும் போட்டி. 2010இல் உக்ரைனின் கோட்டின் கோட்டையில் நடந்த பன்னாட்டுப் போட்டி அதற்கு ஒரு திருப்புமுனை. பங்கேற்போர் அணியும் உடுப்பு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டால் ஆனது. எடை பெரும்பாலும் 25 கிலோவுக்கு மேல். ஆய்வாளர் கருதத்தக்கது வேறொன்று. அப்போட்டிகளில் ஒவ்வொரு கவசமும் ஒரு வரலாற்றுச் சான்றை, ஓர் ஓவியத்தையோ கல்லறைச் சிற்பத்தையோ அகழ்வுப் பொருளையோ, பின்பற்றியிருத்தல் வேண்டும். எனவே அங்குக் கருவி செய்வோன் மூலபாடத்தையும் அறிந்தவனாகிறான்.

தமிழ்ச் சூழலில் அம்மூலபாடம் யாது?

பதிற்றுப்பத்தில் சேர மன்னர் தம் வீரர்க்கும் வில்லோர்க்கும் மழவர்க்கும் மெய்ம்மறையாக உருவகிக்கப்படுகின்றனர். அரசனைக் கருவியாகச் சொல்லும் இவ்வுருவகம், கருவி நன்கு பழகிய பொருளாக இருந்தாலன்றிப் பிறவாது. மெய்ம்மறையை ‘மெய்புகுகருவி’ என விளக்குவது உரைமரபு. இவ்விளக்கத்தில் உள்ள ‘புகு’ என்னும் வினை பொருட்படுத்தத்தக்கது. மார்பில் வைத்து வாரால் இறுக்கும் தகட்டுக்குள் உடல் புகுவதில்லை. சட்டை போன்றதொன்றிலேயே புகுகிறது. முல்லைப்பாட்டு பாசறையிற் காட்டும் யவனர் மெய்ப்பைக்குள் புகுந்தவராகவே சித்திரிக்கப்படுகின்றனர் என்பதும் இதனோடு ஒப்பிடத்தகும். ஆகவே மெய்ம்மறை என்பது உடுப்பு வடிவினதாக இருந்திருத்தல் கூடும்.

இதற்கு வலுவான சான்று உறையூரிலிருந்தே கிடைக்கிறது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய புறநானூற்று 13ஆம் பாட்டில், களிற்றின்மேல் கருவூரை நெருங்கும் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி சேரமான் அந்துவஞ்சேரல் இரும்பொறைக்குச் சுட்டிக்காட்டப்படுகிறான். அவன் மார்பின் கவசம் பகைவர் அம்புகளாற் கிழிந்துள்ளது. உ.வே.சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட பதிப்பிற் காணும் பழைய உரை, அக்கவசத்தைப் புலித்தோலாற் செய்ததெனக் கொள்கிறது. சிதைந்தது தோலின் இணைப்பு எனவும் விளக்குகிறது. ‘பொறி’ என்னும் சொல்லைத் தோலின் வரியழகாகக் கொள்ளவும் இடமுண்டு. இலக்கிய நயம் நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றே. கவசம் செய்வார்க்கோ அவை இருவேறு கருவிகள். வரியழகு எனின் கவசம் ஒரே தோலாகப் போர்த்தப்பட்டது. இணைப்பு எனின் துண்டுகளாக வெட்டப்பெற்றுத் தைக்கப்பெற்றோ கோக்கப்பெற்றோ ஆனது.

பழைய உரையே ஏற்கத்தக்கது என்பதற்குப் பட்டறை அறிவு துணைநிற்கிறது. எவ்வகைக் கவசத்திலும் முதலில் நெகிழ்வது இணைப்பே. எஃகு உடுப்பணிந்து மோதும் இக்கால வீரர்களிடமும் தகடு உடைவது அரிது. வார் அறுவதும் தறையாணி தெறிப்பதுமே மிகுதி. பல அம்புகள் தைத்த தோற்கவசத்தில் இணைப்புச் சிதைந்தது என்று எழுதிய உரையாசிரியர், அத்தகைய பொருளைக் கண்டவராகவோ கண்டாரிடம் கேட்டறிந்தவராகவோ இருத்தல் வேண்டும்.

கேடயப் பெயர்களும் இவ்வழியே செல்கின்றன. தோல், பலகை, கிடுகு ஆகிய மூன்றும் விலங்கின் தோல், மரம், முடைந்த கீற்று எனச் செய்பொருளின் பெயரைக் கொண்டவை. தொல்காப்பியப் புறத்திணையியல் உழிஞைத் துறைகளுள் கேடயப் படையின் மிகுதியைத் தோல் என்னும் சொல்லாலேயே குறிக்கிறது. இவற்றுள் ஒன்றேனும் இரும்பின் பெயரைக் கொள்ளவில்லை. இரும்பை உருக்கத் தெரியாமையால் அன்று. கொடுமணல் அகழாய்வு அத்தொழிலின் தொன்மையை ஐயத்திற்கிடமின்றிக் காட்டியுள்ளது. இரும்பு வாளுக்கும் வேலுக்கும் சென்றது; உடலுக்குத் தோலே போதுமானதாயிற்று. கோடையில் 40 பாகை வெப்பத்தை எட்டும் காவிரிக் கரையில் இத்தேர்வு வறுமையின் அடையாளமன்று.

சொல் அழியவில்லை என்பதும் நோக்கத்தக்கது. திருவரங்கத்தில் முத்தங்கியும் இரத்தின அங்கியும் இன்றும் இறைவனுக்குச் சாத்தப்பெறுகின்றன. பிற கோயில்களில் செப்புத்தகட்டை அடித்து வெள்ளியும் பொன்னும் போர்த்த கவசங்கள் உள்ளன. பாராயண நூல் கவசம். இருசக்கர வாகன ஓட்டி அணிவது தலைக்கவசம். பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசம். போர்க்களத்திற்குரிய பொருள் ஒன்றே இவ்வரிசையில் இல்லை.

அது நீங்கியமைக்கு நாள் குறிக்க இயலும். 1801 சூன் மாதம் சின்னமருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்பாளையங்களில் படைக்கலம் தாங்குவதைத் தடைசெய்தது. தஞ்சை மராட்டிய அரசு 1855இல் முடிவுற்ற பின் அரண்மனைப் படைக்கலக் கொட்டில் கலைக்கப்பட்டது. சில மட்டும் சென்னை அருங்காட்சியகத்திற்குத் தெரிந்தெடுக்கப்பெற, எஞ்சியவை பழைய இரும்பாயின. இதனை வால்ஹவுஸ் தம் கட்டுரையிற் பதிவுசெய்த 1878ஆம் ஆண்டே இந்தியப் படைக்கலச் சட்டமும் நிறைவேறிய ஆண்டு. ஆங்கிலேயர் தடையாலேயே வாள் கோலாக மாறிற்று, அதுவே சிலம்பம் என்னும் கூற்று மேடைகளில் அடிக்கடி கேட்கப்படுகிறது. கோல் தமிழர் கையிலிருந்த பழங்கருவியாதலின் இக்கூற்று மிகையானது. ஆயினும் வாளும் கேடயமும் பயிற்சியில் சுருங்கிக் கோல் முதன்மையுற்றதில் தடைக்குப் பங்குண்டு எனக் கொள்ளலாம்.

இன்றைய மீட்பு இப்பின்னணியில் வைத்துக் காணத்தக்கது. சிலம்பம் 2024 சனவரியில் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட நான்கு நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் களமிறங்கினார். ஒலிம்பிக் வாள்வீச்சில் பங்கேற்ற முதல் இந்தியர் அவரே. இவ்விரண்டிற்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. வாள்வீச்சு வீரர் குத்தைத் தாங்கும் உடுப்பணிந்து எதிரியை நேரே தாக்குகிறார். அவ்வுடுப்பு ஐரோப்பிய மரபினது. சிலம்பக் கூடத்தில் வாளும் சுருள்வாளும் கட்டாரியும் பெரும்பாலும் தனிவீச்சாகவே, எதிரி இன்றியே, சுழற்றப்படுகின்றன. எதிரெதிர் நின்று முழுவலியோடு வீசக் காப்பு இல்லை. காப்பு இன்றேல் அடவு உண்டு, போர் இல்லை. எந்த வீச்சு பயன்தரும், எது அழகுக்கு உரியது என்பதைச் சோதிக்கவும் வழியில்லை. மீட்கப்பெற்றது அசைவு மட்டுமே.

காப்பைச் செய்யும் தொழில்திறன் இவ்வட்டாரத்தில் இல்லாமலில்லை. 1960களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை வந்தபின் திருச்சிராப்பள்ளியைச் சுற்றித் தகடு வெட்டும், வளைக்கும், பற்றவைக்கும் பட்டறைகள் பெருகின. தஞ்சைச் சாலையிலுள்ள அரியமங்கலம் சிட்கோ தொழிற்பேட்டையும், அவ்வூரிலேயே அமைந்த சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகமும் இத்தொழிற்பரப்பின் பகுதிகள். எனினும் தடித்த கொதிகலன் தகட்டைப் பற்றவைப்பது வேறு. மெல்லிய தகட்டைக் குழிந்த மரக்கட்டையின்மேல் வைத்து அடித்துக் குழித்து, பட்டடையில் மட்டமாக்கி, தோளின் அசைவுக்கு ஏற்ப ஓட்டினமேல் ஓடாகத் தறைவது வேறு. பின்னதற்கு அண்மையான கைத்திறன் பாத்திரம் அடிக்கும் கன்னாரிடமும் கோயிற் கவசம் செய்வாரிடமும் உள்ளது. அரியமங்கலத்துத் தகட்டுத்தொழிலும் இக்கைத்திறனும் ஒரே மேசையில் கூடினால் ஐரோப்பிய எஃகுடுப்பைப் படியெடுப்பது அரிதன்று.

அவ்வாறு படியெடுப்பது எளிய வழியே. ஆயினும் அது தமிழ் மெய்ம்மறை ஆகாது. சேஷராயர் மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளின்கீழ் வாளும் கேடயமும் ஏந்திப் பொரும் வீரரைக் கண்டோர், அவரை மிலான் நகரத்துத் தகட்டுடுப்புக்குள் பொருத்திக் காண ஒருப்படார். அவ்வீரரின் தாழ்ந்த நிலையும் மடங்கிய முழங்காலும் உடல் முறுக்கமும் நெகிழும் உடுப்பை வேண்டுவன. உரைச்சான்று சுட்டும் இணைத்த தோலுடுப்பே அந்நிலைகளுக்குப் பொருந்துகிறது. திருச்சிராப்பள்ளி தோல் பதனிடுதலுக்கும் பெயர்பெற்ற ஊராதலால் செய்பொருளைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை.

செய்து பார்க்க முற்படுவோர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது இணைப்பின் முறை. தைத்த தையல், வாரால் கோத்த கோப்பு, ஒன்றன்மேல் ஒன்று கவிந்த அடுக்கு ஆகிய மூன்றும் ‘இணைப்பு’ என்னும் உரைச்சொல்லுக்குள் அடங்கும். மூன்றையும் ஒரே தடிப்புள்ள தோலிற் செய்து, அம்புக்கும் வாள்வெட்டுக்கும் தனித்தனியே உட்படுத்தி, எங்கு முதலிற் கிழிகிறது எனக் குறித்துவைத்தால் உரையின் கூற்றை நேரே சோதிக்கலாம். புலித்தோலுக்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது; எருமைத்தோலே கைக்கெட்டும் மாற்று. புலித்தோல் மேற்போர்வையாக மட்டும் இருந்து, அம்பைத் தடுத்தது உள்ளிருந்த வேறொரு தடித்த தோலாக இருந்திருக்குமோ என்னும் ஐயமும், எருமைத்தோல் அடுக்குகளை இவ்வாறு சோதிக்கும்போதே தெளிவுறும்.