கறுப்பு தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்!

வைரஸ் காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகிறது. ஆக்ஸிஜன், ஊசி எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. ரசம் சாதம் இறங்குகிறது. ''அப்பாடா, தப்பிச்சோம்'' என்று வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற நேரம். அப்போது அவர் சொல்கிறார்: ''இந்தப் பக்கத்துக் கன்னம் மட்டும் மரத்துப் போன மாதிரி இருக்கு.''

''சளி கட்டியிருக்கும். ரெண்டு நாள் ஆவி பிடிங்க, சரியாப் போயிடும்'' என்கிறார் மனைவி.

மற்ற சமயமாக இருந்தால் இது சரியான யோசனைதான். ஆனால் அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், பத்து வருஷமாகச் சர்க்கரை நோயாளி, ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டும் போட்டுக்கொண்டவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த 'ரெண்டு நாள்' தாமதத்தில் ஒரு கண்ணே போய்விடலாம்!

காரணம், மியூகர்மைகோசிஸ். 'கறுப்புப் பூஞ்சை' என்று சொன்னால் உடனே ஞாபகம் வரும். 2021-ல் கொரோனா இரண்டாவது அலையின்போது நாட்டையே கலக்கிய நோய். தமிழ்நாட்டில் அந்த மே மாதம் இதை 'கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்' என்று அறிவித்தார்கள். ஜூன் மாதக் கடைசியில் மத்திய அரசு சொன்ன கணக்குப்படி, இந்தியா முழுக்க 40,845 பேருக்கு இந்த நோய். அதில் 31,344 பேருக்கு மூக்கு, சைனஸ் வழியாகக் கண், மூளைப் பக்கம் போகிற வகை. இறந்தவர்கள் 3,129 பேர்.

அந்த அலை ஓய்ந்துவிட்டது. ஆனால் பூஞ்சை எங்கேயும் போய்விடவில்லை. சர்க்கரை நோயும் நம் வீடுகளில் குறைந்துவிடவில்லை. அதனால் இந்தப் பாடம் இன்றைக்கும் தேவை.

பெயரே தப்பு!

இந்தப் பூஞ்சை கறுப்பு இல்லை. பழைய ரொட்டியில் சாம்பலும் வெள்ளையுமாகப் பஞ்சு மாதிரி பூசணம் பூக்கிறதே, அந்தக் குடும்பம்தான். மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருக்கிறது. நாம் எல்லோருமே தினமும் இதன் விதைத் துகள்களைச் சுவாசிக்கிறோம். உடம்பின் காவல் படையான வெள்ளணுக்கள் அவற்றை மூக்கிலேயே தீர்த்துக் கட்டிவிடும்.

காவல் அசந்துபோனால் என்ன ஆகும்? பூஞ்சை வேர் விட்டு ரத்தக் குழாய்க்குள் நுழையும். அங்கே ரத்தம் உறைந்து ஓட்டம் நின்றுவிடும். ரத்தம் போகாத சதை செத்துப்போகும். செத்த சதைதான் கறுப்பாகத் தெரிகிறது!

ஆக, கறுப்பு என்பது நோயின் ஆரம்பம் இல்லை. நோய் முற்றிவிட்டது என்பதற்கான அடையாளம். ''மூக்கு கறுக்கலியே, அப்ப அது இல்லை'' என்று நினைப்பது எவ்வளவு பெரிய தப்பு, பாருங்கள்.

காவல் ஏன் அசந்துபோகிறது?

மூன்று காரணங்கள் ஒன்று சேருகின்றன. முதலாவது, வைரஸ் காய்ச்சலே உடம்பைத் தளர்த்திவிடுகிறது. இரண்டாவது, சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை எகிறினால் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். மூன்றாவது, ஸ்டீராய்டு. இது எதிர்ப்பு சக்தியை அடக்குவதோடு சர்க்கரையையும் ஏற்றிவிடும். 2021 கணக்கில் 64 சதவிகிதம் பேர் சர்க்கரை நோயாளிகள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள்.

அதற்காக ஸ்டீராய்டைத் திட்ட வேண்டாம். ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளில் பலரின் உயிரைக் காப்பாற்றிய மருந்து அது. ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதும் 2020-லேயே இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆராய்ச்சியில் தெரிந்துவிட்டது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிச் சாப்பிடுவது, சொன்ன நாளுக்கு மேல் தொடர்வது... இதெல்லாம்தான் ஆபத்து.

சாதாரண சளியா? இதுவா?

''மூக்கடைப்பு எல்லாருக்கும்தான் வருது. எப்படிக் கண்டுபிடிக்கறது?'' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாதாரண சளி பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். நாளாக ஆகக் குறையும். இது பெரும்பாலும் ஒரே பக்கமாக ஆரம்பிக்கும். நாளாக ஆக ஏறும். இவற்றைக் கவனியுங்கள்:

* ஒரு பக்கக் கன்னத்தில் வலி, வீக்கம் அல்லது மரத்துப் போதல்
* ஒரு பக்க மூக்கடைப்பு, ரத்தம் கலந்த அல்லது கறுத்த சளி
* ஒரு பக்கமாகத் தலைவலி, கண்ணைச் சுற்றி வலி
* திடீரென்று மேல் பல் ஆடுவது, பல்வலி
* இமை வீக்கம், இமை தொங்குவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது
* மேல் அண்ணத்தில் வெளுத்த அல்லது கறுத்த திட்டு

இதில் மரத்துப் போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலித்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். மரத்துப்போனால் சும்மா இருந்துவிடுகிறோம். நரம்பு பாதிக்கப்படுகிறது என்பதற்கு முதல் எச்சரிக்கையே அதுதான்.

டாக்டர் என்ன செய்வார்?

காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனதும், ''வைரஸ் காய்ச்சல் வந்தது, சர்க்கரை இருக்கு, ஸ்டீராய்டு போட்டாங்க'' என்று மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

முதல் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி. மரத்துப்போகும் மருந்தை மூக்குக்குள் வைத்துவிட்டு, விளக்குள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார். சில நிமிஷ வேலை. ஆரம்பக் கட்டத்தில் உள்சதை கறுத்திருக்காது. வெளுத்துப்போய், தொட்டால் உணர்ச்சியில்லாமல் இருக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் சின்னத் துணுக்கு சதை எடுப்பார். இதுதான் பயாப்ஸி. நோயை உறுதி செய்வது இதுதான்.

''பஞ்சால் துடைத்து எடுத்தால் போதாதா?'' போதாது. இந்தத் துகள்கள் நல்ல மூக்கிலும் இருக்கக்கூடும். அது சதைக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குச் சதையைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் துணுக்கில் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு விட்டால் சதை கரைந்து பூஞ்சை மட்டும் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் அகன்ற ரிப்பன் மாதிரி இழைகள், செங்குத்தாகக் கிளை பிரிந்து தெரிந்தால் மியூகர் வகை என்று கணிப்பார்கள். மெல்லிய இழைகள், குறுகிய கோணத்தில் கிளை விட்டிருந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சையாக இருக்கலாம். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மாத்திரை மியூகருக்கு வேலை செய்யாது! இந்த முதல் ரிப்போர்ட் சில மணி நேரத்திலேயே கிடைத்துவிடும். முழு பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கும், பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் 'கல்ச்சர்' பரிசோதனைக்கும் சில நாள் ஆகும். நோய் இருந்தும் கல்ச்சரில் வளராமல் போவதும் உண்டு. அதனால் அதற்காகக் காத்திருக்காமல் டாக்டர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்.

ஸ்கேன் எதற்கு? நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க. சி.டி. ஸ்கேன் எலும்பு அரிப்பைக் காட்டும். ஆனால் ஆரம்பத்தில் 'சாதாரண சைனஸ்' போலத்தான் தெரியும். அதை வைத்து நிம்மதியாகிவிடக் கூடாது. மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், ரத்தம் ஓடுகிற சதை பளிச்சென்று தெரியும். செத்த சதை இருட்டாக நிற்கும். வெறும் கண்ணுக்குக் கறுப்பு தெரிவதற்கு முன்பே ஸ்கேனில் பிடிபட வாய்ப்பு உண்டு.

உறுதியானால்?

மூன்று வேலையும் ஒன்றாக நடக்க வேண்டும். செத்த சதையை ஆபரேஷன் செய்து அகற்றுவது, ஆம்ஃபோடெரிசின்-பி ஊசி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வருவது. 'ஆபரேஷன் வேண்டாம், மருந்து மட்டும் போதும்' என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? இந்த ஊசி சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அலுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, இது ஒட்டுவாரொட்டி இல்லை. நோயாளியைத் தனியே ஒதுக்கி வைக்காதீர்கள்.

வீட்டில் ஒரு நிமிஷம்

கடுமையான வைரஸ் காய்ச்சலிலிருந்து தேறி வரும் சர்க்கரை நோயாளி வீட்டில் இருந்தால், சில வாரங்களுக்குத் தினமும் காலையில் இதைச் செய்யுங்கள். வெளிச்சத்தில் உட்கார வைத்து இரண்டு பக்க முகமும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். இரண்டு கன்னத்தையும் பஞ்சால் வருடி, உணர்ச்சி சமமாக இருக்கிறதா கேளுங்கள். டார்ச் அடித்து மேல் அண்ணத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடி, காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை அளவைக் குறித்து வையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வித்தியாசம் தெரிகிறதா? ஆவி பிடிக்க வெந்நீர் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆட்டோவைக் கூப்பிடுங்கள். சோதித்துவிட்டு, ''வெறும் சளிதான்'' என்று டாக்டர் சொன்னால் ஒரு நாள் அலைச்சலோடு போயிற்று. அப்படிச் சொல்லாவிட்டால், நேரத்தோடு வந்ததால் ஒரு கண்ணையும் ஓர் உயிரையும் காப்பாற்ற வழி கிடைத்திருக்கிறது!