ப்ளூ கட் கண்ணாடியும் மொபைல் கேமும்

மொபைல் கேமில் மூழ்கும் குழந்தைகளின் கண்ணுக்கு வரும் தொல்லைகளில் மூன்று மெய்யானவை. விழி உலர்வது ஒன்று, கிட்டப்பார்வை கூடுவது இன்னொன்று, அரிதாக மாறுகண் வருவது மூன்றாவது. இவற்றில் எதற்கும் திரையின் நீல ஒளி காரணமில்லை. பெற்றோர் காதில் திரும்பத் திரும்ப விழுவதோ நீல ஒளிக் கதைதான்: போனிலிருந்து வரும் நீல ஒளி விழித்திரையை எரித்துவிடும், அதைத் தடுக்கும் ப்ளூ கட் லென்ஸ் போட்டுவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம். இதன் முதல் பாதி வெறும் பொய். பிற்பாதி தீங்கு செய்யும் பொய்.

இக்கதைக்குப் பெரிய தீனி 2018இல் கிடைத்தது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரெட்டினால் என்னும் பொருளைச் சேர்த்த செல்கள்மேல் நீல ஒளியைப் பாய்ச்சியபோது அவை சிதைந்ததாகச் சொன்னார்கள். ‘போன் பார்த்தால் பார்வை போகும்’ என்று உலகெங்கும் தலைப்புகள் வந்தன. சோதனையில் பயன்பட்டவை கண்ணிலிருந்து எடுத்த செல்கள் அல்ல, கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து வளர்க்கப்பட்ட ஹீலா செல்கள். உயிருள்ள கண்ணில் செல்கள்மேல் ஒளி விழுகிற முறையும் வேறு. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி உடனே இதை மறுத்து எழுதியது. மறுப்பை யாரும் பகிரவில்லை.

கணக்குப் பார்த்தாலே கதை நிற்காது. வீட்டு விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸுக்குக் கீழ். பகலில் வாசலுக்கு வெளியே 10,000 லக்ஸுக்கு மேல், உச்சி வெயிலில் 1,00,000 வரை. வழக்கமான பிரகாசத்தில் ஒரு போன், 30 செ.மீ. தூரத்திலுள்ள முகத்தில் வீழ்த்துவது சில பத்து லக்ஸ்தான். சூரிய ஒளியிலும் நீலம் உண்டு, போனில் இருப்பதைவிடப் பன்மடங்கு உண்டு. போனின் நீலம் விழித்திரையை எரிக்கும் என்றால், தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளின் கண் எப்போதோ கருகியிருக்க வேண்டும்.

கண்ணாடிக் கடையில் நடக்கும் லேசர் பேனா வித்தைக்கு மயங்காதவர் குறைவு. சாதாரண லென்ஸ் வழியே பேனாவின் ஒளி அட்டையில் விழுகிறது; ப்ளூ கட் லென்ஸைக் குறுக்கே வைத்ததும் மறைகிறது. அந்தப் பேனா பொதுவாக உமிழ்வது 405 நானோமீட்டர் ஊதா ஒளி. போன் திரையின் நீலம் உச்சம் கொள்வது 450 நானோமீட்டரை ஒட்டி. லென்ஸ் எதை நன்றாகத் தடுக்குமோ, அதைப் பார்த்துப் பேனாவைத் தேர்ந்திருக்கிறார்கள். திரையின் நீலத்தில் இவ்வகை லென்ஸ்கள் வடிகட்டுவது பெரும்பாலும் 10 முதல் 25 சதவீதம்தான். திரையின் பிரகாசத்தைச் சற்றுக் குறைத்தால் அதே பலன் காசில்லாமல் கிடைக்கும்.

2023இல், மருத்துவ ஆதாரங்களை எடைபோடும் காக்ரேன் அமைப்பு, ஆறு நாடுகளில் நடந்த 17 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால், ப்ளூ கட் லென்ஸ் கண் சோர்வைக் குறைத்ததாகத் தெரியவில்லை. விழித்திரையைக் காக்கிறது என்பதற்கும் ஆதாரம் சிக்கவில்லை. இதற்குப் பிறகும் பவரே இல்லாத எட்டு வயதுக் குழந்தைக்கு இந்தக் கண்ணாடியை எழுதித் தருவதற்கு வியாபாரம் தவிர வேறு பெயர் இல்லை. காசு போவதுகூடப் பெரிதல்ல. கவசம் மாட்டியாயிற்று என்ற நிம்மதியில் வீட்டார் நேரத்தையும் தூரத்தையும் கவனிக்காமல் விடுகிறார்கள். கெடுதல் அங்கேதான் நடக்கிறது.

மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறார்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது அது ஐந்து முதல் ஏழாகக் குறைகிறது. எதிரி எந்த மூலையிலிருந்து சுடுவான் என்று காத்திருக்கும் பிள்ளை இமைக்க மறந்துபோகிறது. கண்ணீர்ப் படலம் காய்ந்து எரிச்சலும் சிவப்பும் உறுத்தலும் வருகின்றன. இது நிரந்தரப் பாதிப்பல்ல. ஆட்டத்தை நிறுத்தினால் தணியும்.

தூரத்தின் கதை வேறு. 25 செ.மீ. தூரத்தில் பார்ப்பதற்கு விழியின் லென்ஸ் நான்கு டயாப்டர் அளவுக்குக் குவிய வேண்டும். மூன்று மீட்டர் தூரத்து டிவிக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். அதே கேமை டிவியில் இணைத்து ஆடினால் கண்ணின் உழைப்பு அந்த அளவுக்குக் குறையும். டிவியை விரட்டிவிட்டுப் போனைக் கையில் கொடுக்கும் வீடுகள் தலைகீழாக நடந்துகொள்கின்றன. தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், மூக்கருகே பிடித்த பாடப்புத்தகமும் ஃப்ரீ ஃபயர் கேமும் கண்ணுக்கு ஒன்றே. பெற்றோருக்கு இது கசக்கும்.

இப்படி நெருக்கிப் பார்ப்பதோடு சேர்ந்து வரும் கிட்டப்பார்வையில் விழிக்கோளம் நீள்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பவர் வரை ஏறும். நீண்டது திரும்பச் சுருங்குவதில்லை. பவர் மிகவும் கூடியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகலும் கண் நீர் அழுத்த நோயும் வரும் வாய்ப்பு அதிகம். தடுக்கும் வழிகளில் நன்கு நிரூபணமான ஒன்று வெளிச்சத்தைக் குறைப்பதல்ல, கூட்டுவது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிட வெளி விளையாட்டைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. சேர்க்காத பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் முடிவு வெளியானது. தைவான் 2010 முதலே பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே அனுப்பச் சொல்லிவருகிறது. பிரகாசமான ஒளியில் விழித்திரை சுரக்கும் டோபமைன், விழி நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பதே பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். வேப்பமர நிழலும் போதும். வீட்டு வெளிச்சத்தைவிட அது பல மடங்கு.

அப்படியிருக்க, பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கும் வழக்கத்தைக் கண் மருத்துவத்தின் பெயரால் கண்டிக்க வேண்டும். பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பீரியட் பெயரளவில்கூட மிஞ்சுவதில்லை. இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு மண்டபம் தரும் பள்ளி நிர்வாகங்கள், முகாமின் தேவையைக் குறைக்கும் அந்த 40 நிமிடத்தை ஏன் திருடுகின்றன? மைதானமே இல்லாத பள்ளிக்கு அங்கீகாரம் தருவதும் இதே கேள்விக்குள் வரும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு பேச்சுத் தேவையில்லை. இருட்டில் போன் பார்த்தால் பார்வை போகாது. கண் சோரும், தூக்கம் தள்ளிப்போகும், அதற்கு ஆட்டத்தின் பரபரப்பும் ஒரு காரணம். கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பதும் தவறு. மலேசியாவில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பவரைக் குறைத்துக் கண்ணாடி தரப்பட்ட குழந்தைகளுக்கே கிட்டப்பார்வை வேகமாகக் கூடியது.

கேமால் கண்ணுக்கு நன்மையே இல்லை என்பதும் மிகை. வேகமான ஆக்‌ஷன் கேம்களை 50 மணி நேரம் ஆடிய பெரியவர்களுக்கு, மங்கலான சாம்பல் நிற வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறன் கூடியதை 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு கண்ணின் பார்வை மங்கியிருக்கும் ‘சோம்பேறிக் கண்’ குறைக்கு, இரு கண்ணுக்கும் வெவ்வேறு காட்சி காட்டும் டெட்ரிஸ் வகை விளையாட்டுகள் சோதிக்கப்பட்டுள்ளன. ஆனால் அவை நல்ல கண்ணை மூடிவைக்கும் பழைய சிகிச்சையை இன்னும் வென்றுவிடவில்லை. மருத்துவர் சொல்லாமல் போனைக் கையில் கொடுத்துச் ‘சிகிச்சை’ என்று சொல்லிக்கொள்ள இதில் இடமில்லை.

மாறுகண் அரிது, ஆனால் தாமதிக்கக் கூடாதது. கொரியாவில் 2016இல் பதிவான 12 பேர், 7 முதல் 16 வயதுக்குள் இருந்தவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் மாதக்கணக்கில் போனை நெருக்கிப் பிடித்துப் பார்த்தவர்கள். கண் உள்பக்கம் திரும்பியிருந்தது. போனைக் குறைத்ததும் கோணலும் குறைந்தது. சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டது. பொருள் இரண்டாகத் தெரிகிறது என்று பிள்ளை சொன்னாலோ, தூரத்தைப் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டாலோ, அது கண்ணாடிக் கடைக்குப் போகும் விஷயமல்ல, கண் மருத்துவரிடம் போகும் விஷயம். பவர் பார்ப்பதும் அப்படித்தான்: குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டுக் குவியும் தசையைத் தளர்த்திய பிறகே பவர் பார்க்க வேண்டும். சொட்டு விடாத கம்ப்யூட்டர் பரிசோதனை, நெருக்கிப் பார்த்துப் பழகிய கண்ணில் மைனஸ் பவரை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும்.